ஜன்னலுக்கு எத்தனை மார்க்?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். டிசம்பர் சீஸன் வந்தால் கச்சேரிக்கு எழுதுகிறோம், கூடவே சபா கேன்டீன் ரவா தோசைக்கும் எழுதுகிறோம். ஜன்னலுக்கு யாராவது விமர்சனம் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

சிரிக்காதீர்கள். போன நவம்பரில் லண்டனில் என் தலையில் விழுந்த வேலை அதுதான்.

கல்லூரியில் என்னோடு பி.காம். படித்த நண்பன். நான் பேனாவைப் பிடித்தேன். அவன் சி.ஏ. முடித்து பவுண்டைப் பிடித்தான். தெற்கு லண்டனில் டூட்டிங் பக்கம் ஒரு வரிசை வீடு வாங்கியிருக்கிறான். 1890-களில் கட்டிய சிவப்புச் செங்கல் வீடு. போய் இறங்கிய மறுநாள் காலை, காபி டம்ளரோடு மூன்று கேட்டலாக்குகளையும் என் முன்னால் வைத்தான்.

"குறை சொல்றதுதானே உனக்குத் தொழில்? இதுல எதுன்னு சொல்லு."

மூன்றுமே ஜன்னல் கேட்டலாக். மூன்றிலும் ஒரே மாதிரி ஒரு பெண்மணி, ஒரே மாதிரி ஜன்னலோரம், ஒரே மாதிரி கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கிறார். மூன்றிலும் 'பாரம்பரியம்' என்ற வார்த்தை பக்கத்துக்கு நாலு தடவை.

"எது சீப்போ அதைப் போட்டுட்டுப் போடா" என்றேன். பி.காம். புத்தி.

"அம்மாவுக்குக் குளிருது. அதனாலதான் அவசரம். ஆனா தெருவே பாதுகாக்கப்பட்ட பகுதி. முன்பக்க ஜன்னலை மாத்தணும்னா கவுன்சில் அனுமதி வேணும். மரத்துல, பழைய மாதிரியே இருக்கணுங்கறான். அதான் யோசனை."

அம்மாவுக்கு 78 வயது. திருச்சியிலிருந்து வந்து ஆறு வருஷமாகிறது. மாடியில் தெருவைப் பார்த்த அறை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை. "ஜன்னல் சாத்தித்தான் இருக்கு, ஆனாலும் காத்து உள்ள வருதுப்பா" என்றார். அப்போதுதான் இது கேட்டலாக் சமாசாரம் மட்டுமில்லை என்று உறைத்தது.

*

முதலில் இந்த ஜன்னல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஜன்னலுக்கு இரண்டு கதவு, கீல், கொக்கி. இது அப்படியில்லை. ரயிலில் ஸ்லீப்பர் கோச் ஜன்னல் ஷட்டர் ஞாபகமிருக்கிறதா? மேலே தூக்கினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். அரக்கோணம் தாண்டியதும் முழங்கை மேல் விழும். ஏறத்தாழ அதே சங்கதி. ஆனால், விழாது.

கண்ணாடி போட்ட இரண்டு மரச் சட்டங்கள். ஒன்று மேல் பாதி, இன்னொன்று கீழ் பாதி. இரண்டும் மேலும் கீழும் நகரும். ஜன்னலின் இரு பக்கமும் ஒரு மரப்பெட்டி ஒளிந்திருக்கும். அதற்குள் இரும்புக் குண்டு தொங்கும். குண்டிலிருந்து கயிறு கிளம்பி, மேலே ஒரு சின்ன ராட்டினத்தில் ஏறி இறங்கி, கண்ணாடிச் சட்டத்தில் வந்து முடியும். நம் கிணற்றில் ராட்டினம், கயிறு, வாளி இருப்பதைப் போலத்தான். சட்டத்தின் எடையும் இரண்டு பக்கக் குண்டுகளின் எடையும் ஏறக்குறைய சமம். அதனால் ஒரு குழந்தை இரண்டு விரலால் தூக்கலாம். எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

இதற்குப் பெயர் ஸாஷ் ஜன்னல். ஸாஷ் என்பது பிரெஞ்சு 'ஷாஸி'யின் மருவல். லாரிக்கு சேஸிஸ் என்கிறோமே, அதே வார்த்தைதான். லாரிக்கு அடியில் போனது ஒன்று, வீட்டுச் சுவரில் ஏறியது இன்னொன்று. 'ஜன்னல்' மட்டும் என்ன, போர்ச்சுக்கீசியரிடம் வாங்கியதுதானே! நம் சொந்தச் சரக்கு காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கில 'விண்டோ'வின் மூலமும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்'. காற்று வருவதற்காகத்தான் அதை வைத்தார்கள் என்று இரண்டு மொழியும் சாட்சி சொல்கின்றன. அம்மாவின் புகார் ஒரு வகையில் இலக்கணப் பிழை!

குண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759-லிருந்து 1767 வரை ஒன்பது பாகமாக எழுதிய 'டிரிஸ்ட்ராம் ஷாண்டி' நாவலில் இதற்கு விடை இருக்கிறது. ஐந்து வயதுக் கதாநாயகன் அவசரத்துக்கு ஜன்னல் வழியாகவே ஒன்றுக்கு போகிறான். சட்டம் சடாரென்று இறங்குகிறது. எங்கே இறங்கியது என்பதை எழுத எங்கள் ஆசிரியர் அனுமதிக்க மாட்டார். காரணம் என்னவென்றால், வேலைக்காரர் ட்ரிம் அந்த ஜன்னலின் ஈயக் குண்டுகளைக் கழற்றி, மாமாவின் விளையாட்டு பீரங்கிகளுக்காக உருக்கிவிட்டார். ஜன்னல் பொறியியலைப் பற்றி இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

*

பதில் சொல்வதற்கு முன்னால் நல்ல ஜன்னல் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட வேண்டாமா? நல்ல பாட்டைக் கேட்காதவன் பாட்டு விமர்சனம் எழுதக்கூடாது. (எழுதுகிறார்கள், அது வேறு விஷயம்.) ஒரு நாள் முழுக்க லண்டன் தெருக்களில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டு பேர் மேல் மோதி, இருவருமே என்னிடம் ஸாரி சொன்னார்கள்.

செயின்ட் ஜேம்ஸ் பூங்கா பக்கத்தில் குவீன் ஆன்ஸ் கேட் என்று ஒரு தெரு. 1704, 1705 வாக்கில் கட்டிய வீடுகள். ஜன்னல் சட்டம் செங்கல் சுவரின் முகத்தோடு முகமாக, வெளியே தெரிகிற மாதிரி இருக்கிறது. அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் பக்கம், பெட்ஃபோர்ட் ஸ்கொயர் போனால், 1775-க்கும் 1783-க்கும் நடுவில் கட்டிய வீடுகள். அதே வகை ஜன்னல்தான். ஆனால் சுவருக்குள் நன்றாகப் பின்வாங்கி, மரப்பெட்டி செங்கலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கண்ணாடியும் மெல்லிய சட்டங்களும் மட்டும் தெரிகின்றன. எழுபது வருஷத்தில் ஜன்னல் ஏன் வெட்கப்பட்டது?

நெருப்புக்குப் பயந்து. 1666-ல் லண்டன் எரிந்த பயம் ஊருக்குப் போகவே இல்லை. 1709-ல் அமலுக்கு வந்த சட்டம், ஜன்னல் மரத்தைச் சுவர் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 சட்டம், பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. தீயணைப்புக்காகப் போட்ட உத்தரவு, அழகாகப் போய்விட்டது. சுவரில் அந்த நாலு அங்குல நிழல் விழுகிறதே, அதுதான் அந்த வீடுகளின் முகவெட்டு.

கண்ணாடிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதி, தட்டு போலச் சுழற்றி விரித்து, அதிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார்கள். துண்டு சின்னதென்பதால் மேலே ஆறு, கீழே ஆறு என்று குறுக்குச் சட்டம் போட்டுக் கோத்தார்கள். போதாததற்கு ஜன்னலுக்கு வரி, 1696-லிருந்து 1851 வரை. கண்ணாடிக்கும் எடை பார்த்துத் தனி வரி, 1845 வரை. பெரிய கண்ணாடி மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஜன்னல் வரி ஒழிந்த அதே 1851-ல்தான் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடிகளோடு கிறிஸ்டல் பேலஸ் எழும்பியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறுக்கு ஆறு போய், விக்டோரியா ராணி காலத்தில் இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று என்றானது.

குறுக்குச் சட்டம் போனதும் ஒரு சிக்கல். பெரிய கண்ணாடியின் கனத்தை மூலைப் பொருத்து தாங்கவில்லை. அதனால் மேல் சட்டத்தின் பக்கக் கட்டையைக் கொஞ்சம் கீழே நீட்டி, வளைவாக இழைத்துவிட்டார்கள். அதற்குக் 'கொம்பு' என்று பெயர். அலங்காரம் மாதிரித் தெரியும். உண்மையில் அது முட்டுக்கட்டை.

இதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து கேட்டலாக்கைத் திறந்தால், 'ஜார்ஜியன் பாரம்பரியம்' என்ற தலைப்பில் ஆறுக்கு ஆறு ஜன்னல். அதில் கொம்பு! ராஜா காலத்து சினிமாவில் சிப்பாய் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி. இனி அந்தக் கம்பெனி 'பாரம்பரியம்' என்று எத்தனை தடவை அச்சடித்தாலும் நான் நம்பத் தயாரில்லை.

*

சரி, விமர்சனத்துக்கு வருவோம். மூன்று படம் ரிலீஸ்.

முதல் படம், பிளாஸ்டிக். அதாவது பி.வி.சி. சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி. விலை மற்ற இரண்டில் பாதிகூட இல்லை. பெயின்ட் அடிக்க வேண்டாம். குளிர் தாங்கும். இதெல்லாம் நிஜம், கிண்டல் இல்லை. மாதச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கிறவர் இதைப் போட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது, குளிராதவனுக்கு ரொம்ப சுலபம்.

ஆனால் அதன் முகத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்கு மரத்தின் வலு கிடையாது. அதனால் சட்டம் தடிக்கிறது. கண்ணாடி சுருங்குகிறது. குறுக்குச் சட்டம் என்று சொல்லி மேலே ஒரு பட்டையை ஒட்டுகிறார்கள், ஸ்டிக்கர் பொட்டு மாதிரி. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிழலே விழுவதில்லை.

இன்னொரு விஷயத்தை நண்பன் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தேன். கீழ்த்தளத்தின் மூன்று ஜன்னல்களை முந்தைய சொந்தக்காரர் 1980-களில் பிளாஸ்டிக்காக மாற்றியிருக்கிறார். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இப்போது பனி மூட்டம். ஓரத்து அடைப்பு போய்விட்டால் அப்படித்தான். உள்ளே கையை விட்டுத் துடைக்க முடியாது. பூட்டு உடைந்துவிட்டது, அந்த மாடல் பூட்டு இப்போது வருவதில்லை. ஆக, முழுசையும் கழற்றிக் குப்பையில் போட வேண்டும். மாடியிலோ, அதைவிட தொண்ணூறு வயது மூத்த ஜன்னல் இன்னும் வேலையில் இருக்கிறது!

இரண்டாவது படம், மரம் மாதிரி மரம். மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் கயிறும் குண்டும் இல்லை. சட்டத்தின் ஓரத்தில் ஸ்பிரிங். 'பராமரிப்பே தேவையில்லை' என்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் அதே அளவு ஸ்பிரிங்கைத் தேடி அலைய வேண்டும். கயிறு அறுந்தால் கடைக்குப் போய்க் கயிறு வாங்கினால் போதும். இரட்டைக் கண்ணாடியை மறைக்க நடுச்சட்டத்தைத் தடியாக்கிவிட்டார்கள். இரண்டு சட்டமும் நடுவில் சந்திக்கிற கட்டை, பழசில் ஒல்லி. இதில் தோசைக்கரண்டி அகலம். நல்ல நடிகர்தான், மேக்கப் ஜாஸ்தி.

மூன்றாவது படம், அளவெடுத்துத் தைத்த சட்டை. வந்தவர் கேட்டலாக்கையே திறக்கவில்லை. மாடிக்குப் போய்ப் பழைய ஜன்னலின் சட்டத்தில் ஒரு வார்ப்பு எடுத்தார். அதன் வளைவு, பள்ளம் எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்துகொண்டார். கொம்பின் வடிவத்தை எதிர்வீட்டு ஜன்னலோடு ஒப்பிட்டார். மெல்லிய இரட்டைக் கண்ணாடி போட்டால் நடுச்சட்டம் தடிக்காது என்றார். கண்ணாடி இரண்டானதால் எடை கூடும். பெட்டியோ அதே அகலம். அதனால் இரும்புக் குண்டை எடுத்துவிட்டு ஈயக் குண்டு போட வேண்டும், அதே இடத்தில் எடை அதிகம் என்றார். எனக்கு ட்ரிம் ஞாபகம் வந்தது.

"என்ன மரம்?" என்று கேட்டேன். தேக்கு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நம் ஊர்க்காரனுக்கு ஜன்னல் என்றால் தேக்குதான். இங்கே ஜன்னல் மரத்தை வெறுமனே விடுவதில்லை, பெயின்ட் அடித்து மூடிவிடுகிறார்கள். மூடப்போகிற மரத்துக்கு எதற்குத் தேக்கு விலை?

அவர் சொன்ன பெயர் அக்கோயா. சாதாரண பைன் மரம்தான். நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம் என்ற ஊரில், வினிகர் வம்சத்து ரசாயனம் ஒன்றை மரத்துக்குள் ஊட்டி, அதன் குணத்தையே மாற்றுகிறார்கள். பிறகு அது தண்ணீரை இழுத்து உப்புவதும் சுருங்குவதும் ரொம்பக் குறைந்துவிடுகிறது. பூஞ்சை தின்னப் பிடிக்காமல் போய்விடுகிறது. மாங்காய் கெடாமலிருக்க நாம் ஊறுகாய் போடுவதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. தரைக்கு மேலே இருந்தால் 50 வருஷம் வாரன்டி. ஒரே நிபந்தனை, ஆணி, திருகெல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். மரத்தில் மிச்சமிருக்கும் புளிப்பு சாதா இரும்பைத் தின்றுவிடும்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. "சரி, மாடி ஜன்னலுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்" என்றான் நண்பன்.

"மாடி ஜன்னலை ஏன் மாற்றுகிறீர்கள்?" என்றார் அவர்.

விற்க வந்தவர் 'வாங்காதே' என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

*

அவர் விளக்கினார். மாடியில் இருக்கிற இரண்டும் 1890-களின் அசல். மெதுவாக வளர்ந்த பால்டிக் பைன் மரம். குளிர்ப் பிரதேசத்தில் நத்தையாக வளர்ந்த மரத்தின் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இன்றைக்கு அவசரமாக வளர்த்து வெட்டுகிற பைனில் அது கிடையாது. அடிச்சட்டத்தில் ஒரு மூலை மட்டும் உளுத்திருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தில் ஒட்டுப்போட்டால் போதும். நம் ஊர் ஆசாரி கதவின் அடியில் செய்கிற அதே வேலை.

"ஆனா அம்மாவுக்குக் குளிருதே?" இது நண்பன். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையில் இருக்கிற ஒரே முக்கியமான கேள்வியும் அதுதான்.

அவர் கேட்டார், "இங்கே ஊதுபத்தி வாசனை வருகிறதே, ஒன்று கிடைக்குமா?"

அம்மா சாமி மாடத்திலிருந்து ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அவர் அதைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். புகை நேராக மேலே போயிற்று. இரண்டு சட்டமும் சந்திக்கிற நடுக்கட்டையில் பிடித்தார். புகை அறைக்குள் சாய்ந்து ஓடியது. பக்கவாட்டில், அடியில், எல்லா இடத்திலும் அதே ஓட்டம். நகர்கிற ஜன்னல் என்றால் நகர இடைவெளி வேண்டும். நூற்றுச் சொச்சம் வருஷத் தேய்மானத்தில் அந்த இடைவெளி பெரிதாகிவிட்டது.

அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. 'காத்து உள்ள வருது.' நாங்கள்தான் 'கண்ணாடி குளிருது' என்று மொழிபெயர்த்துக்கொண்டு மூன்று கேட்டலாக் வாங்கியிருக்கிறோம்.

கண்ணாடி வழியாகவும் சூடு போகத்தான் செய்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்துக்காக கிளாஸ்கோ காலிடோனியன் பல்கலைக்கழகம் இந்த மாதிரிப் பழைய ஜன்னலை வைத்துச் சோதித்தது. கனமான திரைச்சீலை போட்டால் ஜன்னல் வழியாகப் போகும் சூட்டில் 14 சதவிகிதம் மிச்சம். உள்பக்க மரக்கதவைச் சாத்தினால் 51 சதவிகிதம். பழைய ஜன்னலைத் தொடாமல், அறையின் உள்பக்கம் இன்னொரு கண்ணாடித் தடுப்பு வைத்தால் 63 சதவிகிதம். இடுக்குகளில் பிரஷ் போன்ற பட்டை வைத்து அடைத்தால் காற்றுக் கசிவு 86 சதவிகிதம் வரை குறையும் என்று இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் செய்வித்த சோதனை சொன்னது.

புது இரட்டைக் கண்ணாடி இதைவிடக் கொஞ்சம் மேல், வாஸ்தவம். இங்கிலாந்தில் 2022 ஜூனிலிருந்து மாற்றுகிற ஜன்னலுக்கு விதித்திருக்கும் வெப்ப அளவு 1.4. பழைய ஒற்றைக் கண்ணாடிக்கு 5-ஐத் தாண்டும். குறைவாக இருந்தால் நல்லது. கட்டடத்தின் குணம் கெடும் என்றால் பழைய வீடுகளுக்கு விதியிலேயே தளர்வு உண்டு. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது அந்த எண்ணா? கழுத்தில் காற்று படாமல் உட்கார ஒரு நாற்காலி.

*

இப்போது என் பி.காமுக்கு வேலை வந்தது. முதல் வருஷ அக்கவுன்டன்ஸியில் இரண்டு செலவு சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்று மூலதனச் செலவு, இன்னொன்று பராமரிப்புச் செலவு. ஜன்னலை மாற்றுவது முதல் வகை. பழுது பார்ப்பது இரண்டாவது. மனிதனுக்கு முதல் வகைமேல்தான் ஆசை. புதுசாக ஒன்றைச் 'செய்துவிட்டோம்' என்ற திருப்தி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டலாம். இடுக்கில் பிரஷ் வைத்ததை யாரிடம் காட்டுவது?

பிளாஸ்டிக்கின் விலையை இருபத்தைந்து முப்பது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும். கீழ்த்தளத்து ஜன்னலே அதற்கு வவுச்சர். மர ஜன்னலுக்கு எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒரு பெயின்ட், எப்போதாவது ஒரு கயிறு. தேய்மானக் கணக்கில் மாடி ஜன்னலின் மதிப்பு என்றைக்கோ பூஜ்யம் ஆகியிருக்கும். ஆனால் ஜன்னலுக்குக் கணக்குத் தெரியாது, பாவம், உழைத்துக்கொண்டே இருக்கிறது.

வில்லியம் மாரிஸ் 1877-ல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார். இன்றும் இருக்கிறது. 'பழசைப் புதுசாக்குகிறேன்' என்று கிளம்புகிறவர்களைத்தான் அந்தச் சங்கம் முதல் எதிரியாகப் பார்த்தது. இடிக்க வேண்டாம், புதுப்பிக்கவும் வேண்டாம், பழுது பார்த்தால் போதும் என்பதுதான் அவர்கள் கட்சி. படித்தபோது கொஞ்சம் பிடிவாதக்காரர்களோ என்று நினைத்தேன். ஊதுபத்திப் புகையைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. அது கணக்கில் வராது. மாடி ஜன்னலின் பழைய கண்ணாடி சமமாக இருக்காது. லேசாக அலை அலையாக இருக்கும். (கண்ணாடி மெதுவாக வழிந்து அப்படியாகிறது என்று சிலர் சொல்வார்கள். கட்டுக்கதை. செய்யும்போதே அப்படித்தான்.) தலையை அசைத்தால் எதிர்வீட்டு மரம் தண்ணீரில் தெரிவது போல நெளியும். 1959-ல் பில்கிங்டன் கம்பெனி அறிவித்த முறையில், உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்கிற இன்றையக் கண்ணாடி துல்லியம். மரம் மரமாகவே தெரியும். அதில் தப்பில்லை. ஆனால் தெருவில் நின்று பார்த்தால், புதுக் கண்ணாடியில் வானம் போஸ்டர் ஒட்டியது போல இருக்கிறது. பழசில் வானம் நடமாடுகிறது.

*

தீர்ப்பு என்ன என்கிறீர்களா?

கீழே பனிமூட்டம் பிடித்த மூன்று பிளாஸ்டிக்குக்கும் ஓய்வு. அங்கே மூன்றாவது படம். அக்கோயா மரம், கயிறு, ஈயக் குண்டு, மெல்லிய இரட்டைக் கண்ணாடி, எதிர்வீட்டோடு ஒத்துப்போகிற கொம்பு. மாடியில் அசல் இரண்டும் அப்படியே. மூலைக்கு ஒட்டு, இடுக்குக்கு பிரஷ், உள்பக்கம் நகர்கிற கண்ணாடித் தடுப்பு. மொத்தத்தையும் மாற்றுவதைவிட செலவு குறைந்தது. மிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல நாற்காலி.

நீங்கள் லண்டனில் வீடு வாங்கப் போவதில்லை, தெரியும். ஆனாலும் யாராவது சொந்தக்காரர் கேட்டால் சொல்லுங்கள். முதல் கேள்வி 'எந்த ஜன்னல்?' இல்லை. 'இருப்பதற்கு என்ன கேடு?' அதற்குப் பதில் கிடைத்த பிறகும் புதுசு வேண்டும் என்றால், நாலே சோதனை. சட்டத்தின் தடிமன் பழசோடு ஒத்துப்போகிறதா? சுவருக்குள் பழைய ஆழத்திலேயே உட்காருகிறதா? கொம்பு அந்தக் காலத்துக்கு உரியதுதானா? நாளைக்கு ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா? நாலாவதுக்கு விற்கிறவர் தயங்கினால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஜனவரியில் நண்பன் போன் செய்தான். லண்டனில் மைனஸ் மூன்று. அம்மாவிடம் கொடுத்தான்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"குளிர் இல்லப்பா. ஆனா தெருச் சத்தமே கேக்கறதில்ல, ஊமைப்படம் மாதிரி இருக்கு. அதனால மத்தியானம் மட்டும் ரெண்டு கண்ணாடியையும் நாலு விரக்கடை தூக்கி வெச்சுடறேன். ஸ்கூல் விட்டுப் பசங்க போனதும் மூடிடுவேன்."

"கனமா இருக்குமே, நீங்களா தூக்கறீங்க?"

"ரெண்டு விரலால தூக்கிடலாம். கயிறு புதுசு போட்டுக் குடுத்துட்டாரே அந்தப் புள்ள."

மார்க்? நம் ஊர் சினிமா விமர்சனத்தில் அறுபதைத் தாண்டினாலே பெரிய விஷயம். அந்தக் கண்டிப்போடு போடுகிறேன். பிளாஸ்டிக் 35. ஸ்பிரிங் வைத்த மரம் 42. அளவெடுத்துச் செய்தது 58. மாடியில் இருக்கிற கிழவர் 61.

'வாங்காதே' என்று சொன்ன அந்த மனிதருக்குத் தனியாக ஒரு அவார்டு.